வரப்போரச் செடியும் வயல்காட்டுப் பயிரும்: விதை நம்ம உரிமை!

(பம்மலில் விவசாயிகள் சங்கம் நடத்திய விதை உரிமை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கிராமக் கூட்டங்களில் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் அடுத்தவர் கையில் கொடுங்கள்.)



பம்மலில் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியதும் சில பேர் கேட்டார்கள். "பம்மலில் ஏதுங்க விவசாயம்? அங்கே போய் விதையைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகுது?" நியாயமான கேள்விதான். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு பம்மலும் அனகாபுத்தூரும் முழு நகரமாகவே ஆகிவிட்டன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி பிளாட் ஆகி, வீடாகி, கடையாகி நிற்கிறது. ஆனால் மணிமங்கலம், படப்பை, குன்றத்தூர் பக்கம் இன்னும் ஏர் ஓடுது. அங்கேயிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற நீங்கள் வெளியே போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். நிலம் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இந்த ஊர். நிலம் போவது கண்ணுக்குத் தெரியும். கல் நடுவான், காம்பவுண்டு போடுவான், நமக்குப் புரியும். விதை போவது அப்படி இல்லீங்க. சத்தமில்லாமல் போகும். குதிர் காலியாகி, ஒரு நாள் கடைக்காரர் கொடுத்த பாக்கெட்டை மட்டுமே நம்பி நிற்கும்போதுதான் தெரியும்.

2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டது. 1966-ல் வந்த விதைச் சட்டத்துக்குப் பதிலாக இது என்றார்கள். 2004-லும் ஒரு மசோதா வந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள், நிறைவேறவில்லை. 2019-லும் ஒரு வரைவு வந்து போனது. இது திரும்பத் திரும்ப வரும். அதனால் இன்றைக்கு ஒரு அடிப்படையான கேள்வியைப் பேசுவோம். விதை யாருடையது? அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நம்ம பயிர் எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

நம்ம சோற்றுத் தட்டில் உலகமே இருக்கு

நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? குழம்பில் மிளகாய் இருந்திருக்கும். அது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து நானூறு, ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகு. அந்த மிளகை நினைத்துத்தான் இந்தக் காய்க்கே பேர் வைத்தார்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அங்கேயிருந்து வந்தவைதான். நிலக்கடலை பொலிவியா, அர்ஜென்டினா பக்கத்துப் பயிர். மரவள்ளி பிரேசில் பக்கம். முந்திரி, கொய்யா, பப்பாளி, சீத்தா எல்லாம் கடல் தாண்டி வந்தவை. வேலியில் நிற்கிற கொடுக்காப்புளிகூட மெக்சிகோ பக்கத்து மரம்.

சரி, கேழ்வரகு? ஆயிரக்கணக்கான வருஷமாகக் கூழ் குடிக்கிறோமே என்பீர்கள். அதன் தாய்வீடு ஆப்பிரிக்கா, எத்தியோப்பியா, உகாண்டா மலைப்பக்கம். கம்பும் சோளமும் ஆப்பிரிக்காதான். புளியமரமும் அந்தக் கண்டத்து மரம் என்றுதான் சொல்றாங்க. தினை சீனத்திலிருந்து வந்தது. கரும்பு நியூகினித் தீவில் பிறந்தது.

அப்போ நம்முடையது எது? துவரை நம்முடையது. கத்தரி நம்முடையது. எள், வரகு, சாமை, உளுந்து, பச்சைப்பயறு, மிளகு, மா என்று பெரிய பட்டியல் இருக்கு. நெல்லில் நமக்குப் பெரும் பங்கு இருக்கு. இதெல்லாம் இந்த மண்ணிலிருந்து வெளியே போய் உலகத்துக்குச் சோறு போட்டவை.

இந்தப் பெரிய கொடுக்கல் வாங்கலில் யாராவது யாருக்காவது ராயல்டி கட்டினார்களா? எத்தியோப்பியாக்காரன் கேழ்வரகுக்கு நம்மிடம் காசு கேட்டானா? துவரைக்கு நாம் ஆப்பிரிக்காவிடம் கேட்டோமா? இல்லை. படகில் போனவன் ஒரு பிடி முடிந்துகொண்டு போனான். கட்டிக்கொண்டு போன பெண் தாய்வீட்டிலிருந்து ஒரு படி எடுத்துப் போனாள். சந்தையில் மாற்றிக்கொண்டார்கள். விதைத்துப் பார்த்து, நல்ல கதிரைப் பொறுக்கி வைத்து, நம்ம மண்ணுக்கும் மழைக்கும் பழக்கினார்கள். விதை உலகம் சுற்றியது இப்படித்தான். அதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற குடியானவர்கள்.

கும்பினி கொண்டுவந்த செடி

வெளியிலிருந்து வந்தது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. யார் கொண்டுவந்தார்கள், யாருக்காகக் கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே பக்கத்தில்தான் சைதாப்பேட்டை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினியின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே ஒரு தோட்டம் போட்டார். சப்பாத்திக்கள்ளி வளர்க்கிற தோட்டம். எதற்கு? அந்தக் கள்ளியில் ஒருவகைப் பூச்சி வளரும், அதை நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும், அதில் கும்பினி லாபம் பார்க்கலாம் என்று கணக்கு. சாயத் தொழில் தலையெடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வந்த அந்த அமெரிக்கக் கள்ளி வகைகள் தென்னாட்டுக் காடுகரையெல்லாம் பரவி, பின்னால் பூச்சியை விட்டு அழிக்க வேண்டியதாயிற்று.

சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. தரிசுக்கு நல்லது, விறகுக்கு ஆகும் என்றார்கள். இன்றைக்கு ஏரி, கண்மாய், வாய்க்கால் எதையும் அது விட்டுவைக்கவில்லை. பார்த்தீனியம் வெளிநாட்டுத் தானியத்தோடு கலந்து வந்து 1950-களில் நாட்டில் கால் ஊன்றியது. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவில் பூவுக்காக ஆசைப்பட்டு எடுத்த செடி. இப்போது நம்ம ஏரிகளை மூடுகிறது.

இதில் ஒரு பாடம் இருக்கு. குடியானவன் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட மிளகாயும் கடலையும் நமக்குச் சோறு போட்டன. மேலேயிருந்து யாரோ தங்கள் கணக்குக்கு இறக்கிவிட்ட செடிகள் நம்ம தலையில் விடிந்தன. புதுச் செடி, புது விதை வரும்போது விவசாயியைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

பக்கத்து ஊர் நெல் உலகத்துக்குப் போன கதை

வயதானவர்களுக்குக் கிச்சிலிச் சம்பா ஞாபகம் இருக்கும். ஜி.இ.பி.24 என்று அரசாங்கத்தில் பேர். 1921-ல் கோயம்புத்தூரில் வெளியிட்ட ரகம். ஆகாயத்திலிருந்து விழவில்லை. விவசாயி வயலில் இருந்த நெல்லில் தனித்துத் தெரிந்த செடியைப் பொறுக்கி எடுத்தது. அந்த நெல்லைக் கொண்டு நமக்குப் பக்கத்தில், இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பத்தில் டி.கே.எம்.6 என்கிற ரகத்தை உருவாக்கினார்கள். 1952-ல் வந்தது. குருத்துப்பூச்சியைத் தாங்குகிற குணம் அதில் இருந்தது.

பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த டி.கே.எம்.6-ஐ வாங்கிக் கொண்டுபோய் ஒட்டுச் சேர்த்தது. அதில் பிறந்ததுதான் ஐ.ஆர்.20. நம்மில் எத்தனை பேர் ஐ.ஆர்.20 நட்டு அறுத்திருக்கிறோம்! அது அமெரிக்காக்காரன் கொடுத்த நெல் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டோம். அதன் ஒரு பாதி நம்ம ஊர் நெல்!

வெள்ளைப் பொன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதன் தாய் தகப்பன் யார்? ஒன்று தைவான் நெல், இன்னொன்று மலேயா நெல். கலப்பு நடந்தது ஒரிசாவின் கட்டாக்கில். பொறுக்கி எடுத்தது மலேசியாவில். கடைசியில் நம்ம ஊருக்கு வந்து கல்யாணச் சாப்பாட்டு அரிசி ஆனது. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்கிற பி.பி.டி.5204-ல் கிச்சிலிச் சம்பா ரத்தமும் இருக்கு, அந்த மலேசியச் சொந்தமும் இருக்கு.

வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்குகிற சி.ஆர்.1009 சப்1 இப்போது கிடைக்கிறது. தாழ்வான நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மூழ்கித் தாங்கும் குணம் எங்கேயிருந்து வந்தது? ஒரிசாவில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து. விஞ்ஞானிகள் அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த நெல்லைச் சாகவிடாமல் வைத்திருந்தவன் யார்? அவன் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

களை என்று பிடுங்கிப் போட்டது உயிரைக் காப்பாற்றியது

இப்போ காட்டுச் செடிக்கு வருவோம். குளம், குட்டை, ஏரி ஓரத்துச் சேற்றில் காட்டு நெல் தானாக முளைக்கும். வாலு நீளமாக இருக்கும். கதிர் முற்றினதும் மணி உதிர்ந்துவிடும். நாற்றில் கலந்தால் களை என்று பிடுங்கி வரப்பில் வீசுவோம். அதனால் என்ன பிரயோஜனம்?

1970-களில் ஆசியாவின் பல நாடுகளில் நெற்பயிரைப் புல் மாதிரி குட்டையாக்கி அழிக்கிற ஒரு வைரஸ் நோய் வந்தது. புகையான் பூச்சிதான் அதைப் பரப்பியது. புதுசாக வந்த குட்டை ரகங்கள் எல்லாம் அடிபட்டன. சர்வதேச நெல் நிலையத்தில் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ஒரே ஒரு மாதிரி தாங்கியது. அது உத்தரப்பிரதேசத்திலிருந்து எடுத்துப்போன காட்டு நெல்! அதிலும் சில செடிகள்தான் தாங்கின. அந்த வகையோடு, நம்ம டி.கே.எம்.6, கேரளத்துப் பட்டாம்பி நெல் இன்னும் பல நாட்டு நெல்களைச் சேர்த்துப் பிறந்ததுதான் ஐ.ஆர்.36. பஞ்சாபில் பிறந்த விஞ்ஞானி குர்தேவ் சிங் குஷ் தலைமையில் 1976-ல் வந்தது. 1980-களில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அதைப் பயிரிட்டார்கள். ஒரு குட்டை ஓரத்துக் களை அத்தனை கோடிப் பேருக்குச் சோறு போட்டது.

அன்றைக்கு அந்தக் குட்டையைத் தூர்த்து யாராவது பிளாட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்மலில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறேன்.

கரும்புக்கும் இதே கதைதான். கரும்பு கோயம்புத்தூர்ப் பக்கம் நன்றாகப் பூக்கும் என்பதால் 1912-ல் அங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கினார்கள். பார்பர் துரையும் வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள்? தடித்த நல்ல கரும்போடு ஆற்றோரம், வாய்க்கால் ஓரம் வளர்கிற பேய்க்கரும்பைச் சேர்த்தார்கள். ஆடுமாடு கடிக்கிற நாணல் ஜாதி அது. அதில் பிறந்த கோ 205 என்கிற கரும்பு 1918-ல் வெளியே வந்தது. குளிரையும் வறட்சியையும் தாங்கியது. வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே அந்தக் கோயம்புத்தூர்க் கரும்புகள் மாற்றின. பிறகு அவை உலகத்தில் பல நாட்டுக்குப் போயின. இனிப்பு கொடுத்தது நல்ல கரும்பு, உயிரைத் தாங்குகிற வலு கொடுத்தது பேய்க்கரும்பு.

அந்த நிலையத்தில் 1930-களில் வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றி நம்ம பெண் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். கரும்பை நாணலோடும் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடச் சேர்த்து ஆராய்ந்தவர். 1945-ல் லண்டனில் டார்லிங்டன் என்கிற விஞ்ஞானியோடு சேர்ந்து, உலகத்துப் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் கணக்கை எல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். உலகமே கும்பிட்ட அந்த அம்மா கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் தெரியுமா? இங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில், மதுரவாயலில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயல் ஆராய்ச்சிக் கூடத்தில் செடிகளோடு வாழ்ந்து 1984-ல் காலமானார். சைலன்ட் வேலிக் காட்டை அணை கட்டி மூழ்கடிக்கக் கூடாது என்று வயதான காலத்திலும் குரல் கொடுத்தவர். காட்டுச் செடியின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கும் பாருங்க. கத்தரியில் வாடல் நோய் தாங்கவில்லை என்று சுண்டைச் செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டி நாற்று விற்கிறார்கள். தோட்டத்து மூலையில் தானாக நிற்கிற சுண்டை இப்போது கத்தரிக்குக் கால் ஆகிவிட்டது. கடலையில் துரு நோய், இலைப்புள்ளி நோய் தாங்குகிற குணத்தைப் பொலிவியாவின் காட்டுக் கடலையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பயிர் சீக்குப் பிடிக்கும்போது மருத்துவத்துக்கு ஓடுகிற இடம் காடும் கரம்பும்தான்.

ஒரே விதையை நம்பினால்

அயர்லாந்து என்று ஒரு நாடு. ஏழை ஜனங்கள் உருளைக்கிழங்கை மட்டும் தின்று வாழ்ந்தார்கள். அதிலும் பெரும்பாலும் ஒரே ரகம். 1845-ல் கருகல் நோய் வந்தது. எல்லாம் ஒரே ரகம் என்பதால் எல்லாம் போனது. அடுத்த சில வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் ஊரை விட்டே ஓடினார்கள். பிற்பாடு அந்த நோயைத் தாங்குகிற குணத்தை மெக்சிகோவின் காட்டு உருளையிலிருந்துதான் எடுத்தார்கள்.

பணக்கார நாடு தப்பித்ததா? 1970-ல் அமெரிக்காவின் மக்காச்சோளத்தை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. வீரிய ஒட்டு விதை தயாரிக்க வசதி என்று எல்லாக் கம்பெனியும் ஒரே வகைத் தாய்ச்செடியைப் பயன்படுத்தியிருந்தார்கள். பாக்கெட் வேறு, படம் வேறு, உள்ளே ரத்தம் ஒன்று. அந்த வருஷம் நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது.

இதையெல்லாம் முன்னாலேயே உணர்ந்தவர் ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவ். எந்தப் பயிர் எங்கே பிறந்தது என்று உலகம் சுற்றித் தேடி, லட்சக்கணக்கில் விதை மாதிரி சேர்த்து லெனின்கிராடில் வைத்தார். பொய்க் குற்றச்சாட்டில் அவரைச் சிறையில் போட்டார்கள். 1943-ல் சிறையிலேயே செத்தார். அதே சமயம் ஹிட்லர் படை லெனின்கிராடை முற்றுகை போட்டது. 1941 முதல் 1944 வரை. ஊரே பட்டினி. விதைக் காப்பகத்தில் வேலை பார்த்தவர்களைச் சுற்றி நெல், கோதுமை, பட்டாணி என்று மூட்டை மூட்டையாக இருந்தது. ஒரு பிடி எடுத்து வேகவைத்துத் தின்றிருக்கலாம். தின்னவில்லை. பல பேர் பட்டினியிலேயே செத்தார்கள். நெல் மாதிரிகளைக் காத்தவர் நெல்லுக்கு நடுவிலேயே செத்துக் கிடந்தார். விதை நெல்லைத் தின்னக் கூடாது என்று நம்ம பாட்டி சொன்னதற்கு உயிரையே கொடுத்தவர்கள் அவர்கள்.

பூட்டுப் போட வந்தவர்கள்

தோழர்களே, இவ்வளவு பேர் உழைத்து, காத்து, செத்துக் கொடுத்த விதைக்கு இப்போது பூட்டுப் போட வருகிறார்கள்.

1995-ல் அமெரிக்காவில் மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். புண்ணில் மஞ்சள் வைத்தால் ஆறும் என்பது புதுக் கண்டுபிடிப்பாம்! நம்ம நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளைக் காட்டி வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000-ல் ரத்து ஆனது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி. மெக்சிகோக்காரன் காலம்காலமாகச் சாப்பிட்ட மஞ்சள் அவரைக்கு 1999-ல் ஒரு அமெரிக்க வியாபாரி காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு இறக்குமதியைத் தடுக்கப் பார்த்தார். அதையும் உடைக்கப் பல வருஷம் ஆனது.

2002-ல் சத்தீஸ்கரில் நடந்ததைக் கேளுங்கள். ரிச்சாரியா என்கிற நெல் விஞ்ஞானியும் அவர் சகாக்களும் ஊர் ஊராக நடந்து சேர்த்த பல்லாயிரம் நாட்டு நெல் ரகங்கள் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தன. அவற்றைப் பயன்படுத்த சின்ஜென்டா என்கிற பன்னாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தப் பேச்சு நடந்தது. விஷயம் வெளியே வந்ததும் விவசாயிகளும் பொதுமக்களும் கொதித்து எழுந்தார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே கம்பெனி பின்வாங்கியது. போராடினால் நடக்கும்!

2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்ததும் அப்படித்தான். கத்தரியின் தாய்வீடு இந்தியா, இங்கே நூற்றுக்கணக்கான நாட்டு ரகமும் காட்டுச் சொந்தமும் இருக்கு, அவசரப்படக் கூடாது என்ற வாதமும் அன்றைக்கு எடுபட்டது.

இன்னொன்று, நேரடியாக நம்ம கழுத்துக்கு வந்தது. 2019 ஏப்ரலில் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. தான் பதிவு செய்த சிப்ஸ் ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டார்கள் என்று, நாலு பேரிடம் ஆளுக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டது! மூணு நாலு ஏக்கர்க்காரன் எங்கே போவான்? நாடு முழுக்க விவசாயச் சங்கங்கள் குரல் கொடுத்ததும் மே மாதமே வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே ஆணையம் ரத்து செய்தது. நாம் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளிவிட்டது. போராட்டம் ஒரு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்பதற்காகத்தான் இதை முழுசாகச் சொல்கிறேன்.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கு?

2001-ல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது. இந்தப் பேரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 39-ஆம் பிரிவு நம்ம ஆயுதம். விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், பயன்படுத்தலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். பதிவு செய்த ரகமாக இருந்தாலும் சரி. பிராண்டு பேர் போட்டு பாக்கெட்டில் விற்கத்தான் கூடாது. பதிவு பெற்ற ரகத்தின் விதை, சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் ஆணையத்திடம் நஷ்டஈடு கேட்கவும் அதே பிரிவில் இடம் இருக்கு. தெரியாமல் உரிமை மீறியிருந்தால் விவசாயியைத் தண்டிக்கக் கூடாது என்று 42-ஆம் பிரிவு சொல்கிறது. நாம் காத்து வரும் நாட்டு ரகத்தை நம்ம பேரில் பதிவு செய்யலாம், விவசாயிக்குக் கட்டணம் கிடையாது.

2002-ல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், ஊரில் உள்ள செடி, கொடி, பயிர், கால்நடை எல்லாவற்றையும் மக்களே சேர்ந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதில் இருக்கு. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமை அலுவலகமே நம்ம சென்னையில்தான். உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா? பதிவேட்டை யாராவது கண்ணால் பார்த்தீர்களா? கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் ஆபீசில் உட்கார்ந்து எழுதிய பதிவேடாக இருந்தால், திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

புது விதை மசோதா வரைவிலும் விவசாயி விதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். போலி விதைக்கு அபராதம், ஜெயில் என்றும் இருக்கு. போலி விதைக்காரனைத் தண்டிக்க வேண்டும், அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகும். முளைக்காத விதையை விதைத்து, உழவுக்கூலி, நடவுக்கூலி, உரச் செலவு எல்லாம் இழந்து, பட்டத்தையும் விட்டவன் கைக்கு என்ன வரும்? அதுதான் நம்ம கேள்வி. பத்துப் பேர் சேர்ந்து குழுவாக நாட்டு விதை காப்பாற்றி ஊருக்கு ஊர் கொடுக்கிறார்களே, அவர்களைக் கம்பெனிக்கு வைக்கிற அதே தராசில் வைத்துப் பதிவு, லைசென்ஸ் என்று அலையவிடக் கூடாது. இதுவும் நம்ம கேள்வி.

2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதில் கமலா என்பது பி.பி.டி.5204-லிருந்து செய்தது. அதாவது நம்ம கிச்சிலிச் சம்பா வம்சம். திருத்தப் பயன்படுத்துகிற தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் கையில். நாளைக்கு இந்த நெல்லை விவசாயி மறுபடி விதைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எழுத்தில் கொடுங்கள் என்கிறோம். தப்பா?

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தைக் கேட்பது ஒரு பக்கம். நம்ம பக்கத்து வேலையும் இருக்கு. நெல் ஜெயராமன் ஒரு தனி ஆள். 2018-ல் காலமானார். நம்மாழ்வார் ஐயா காட்டிய வழியில் ஊர் ஊராகப் போய் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்லை மீட்டார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா வைத்து, இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு என்றார். காசு வாங்கவில்லை. விதை பெருகியது. அவர் பேரில் அரசாங்கமே பிறகு திட்டம் போட்டது.

நாமும் செய்யலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிற விதை உயிரோடு இருக்கும், ஆனால் அதற்கு இந்த வருஷ வெயில் தெரியாது, இந்த வருஷப் பூச்சி தெரியாது. வயலில் விதைக்கிற விதைக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரும் அஞ்சு சென்ட், பத்து சென்ட் ஒதுக்கி ஒரு நாட்டு ரகம் போடுங்கள். பூங்கார், குள்ளக்கார், காட்டுயானம், சீரகச் சம்பா, எது கிடைக்கிறதோ அது. முழு நிலத்தையும் மாற்றச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு எல்லோருக்கும் இருக்கு. ஒரு பாத்தி போதும். கத்தரி, அவரை, பூசணி விதையைச் சாம்பலில் புரட்டி வைக்கிற பழக்கத்தை வீட்டுப் பெண்கள் விட்டுவிடாதீர்கள். உங்கள் உரியிலும் பானையிலும் இருப்பதுதான் நிஜமான விதை வங்கி.

ஏரிக்கரையையும் வாய்க்கால் ஓரத்தையும் முழுசாகச் சுரண்டிச் சுத்தம் செய்கிறோம் என்று வரும்போது கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். சீமைக்கருவேலம் போகட்டும், ஆகாயத்தாமரை போகட்டும். காட்டு நெல்லும் பேய்க்கரும்பும் இருக்கட்டும்.

நமது கோரிக்கைகள்

1. எந்தப் புதிய விதைச் சட்டம் வந்தாலும், 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு உரிமைகள் ஒரு வார்த்தை குறையாமல் அதிலும் இடம்பெற வேண்டும்.

2. விதை பொய்த்தால் கோர்ட்டுக்கு அலையாமல், மாவட்ட அளவில், குறித்த நாளுக்குள் விவசாயிக்கே நஷ்டஈடு கிடைக்க வழி செய்ய வேண்டும்.

3. நாட்டு விதை காக்கும் விவசாயிக் குழுக்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் பதிவு, லைசென்ஸ் கட்டாயத்திலிருந்து விலக்கு வேண்டும்.

4. விதை விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்க வேண்டும்.

5. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

6. மரபணு மாற்றிய, மரபணு திருத்திய விதைகளின் சோதனை விவரமும் காப்புரிமை விவரமும் தமிழில் வெளியிட வேண்டும். விவசாயிகள் சம்மதம் இல்லாமல் வயலுக்கு வரக் கூடாது.

7. பாரம்பரிய நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையங்களில் தனி விலை வைத்து வாங்க வேண்டும்.

8. ஏரி, குளம், குட்டை, வாய்க்கால் புறம்போக்கை ஆக்கிரமிப்பிலிருந்தும் குப்பைக் கிடங்கிலிருந்தும் காக்க வேண்டும்.

பெருமக்களே! மிளகாயைக் கொடுத்த பேர் தெரியாத அமெரிக்கப் பழங்குடியும், கேழ்வரகைக் கொடுத்த ஆப்பிரிக்கத் தாயும், மூழ்காத நெல்லைக் காத்த ஒரிசாக்காரனும், கிச்சிலிச் சம்பாவைப் பழக்கிய நம்ம பாட்டனும் விதையைப் பூட்டி வைக்கவில்லை. அவர்கள் நம்மிடம் கொடுத்ததை நாம் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். இடையில் யாரும் சுங்கச்சாவடி போட விடக் கூடாது.

கோரிக்கை மனுவில் ஒவ்வொரு ஊரிலும் கையெழுத்து வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸ் முன்னால் சங்கம் அறிவிக்கிற தர்ணாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கிற நாட்டு விதை ஒரு பிடி முடிந்துகொண்டு வாருங்கள். மனு கொடுத்துவிட்டு, அங்கேயே ஒருவருக்கொருவர் விதை மாற்றிக்கொள்வோம். நம்ம உரிமையை அதிகாரிகள் கண்ணெதிரிலேயே பயன்படுத்திக் காட்டுவோம்.

விதை நம் உரிமை! விட்டுக்கொடுக்க மாட்டோம்!
ஏரி காப்போம்! விதை காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!